முதலில் காடு, பிறகு கடல்: தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலில் பத்து நாள் விடுமுறையைத் திட்டமிட ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்கா என்றதும் பயண முகவர்கள் நீட்டும் அட்டவணை பெரும்பாலும் ஒன்றுதான்: கேப் டவுன், ஜோகன்னஸ்பர்க், க்ரூகர். மூன்றும் அருமையான இடங்கள். ஆனால் பத்து நாளில் மூன்றையும் தொட்டுவிட நினைத்தால், பாதி விடுமுறை விமான நிலையங்களிலும் நெடுஞ்சாலைகளிலுமே கரைந்துபோகும். கேப் டவுனில் கடல் இருக்கிறது, ஆனால் நகரத்தை ஒட்டிய கரைகளில் தண்ணீர் உறையவைக்கும் குளிர். க்ரூகரில் விலங்குகள் இருக்கின்றன, கடல் இல்லை. நிம்மதியாகக் கடலில் குளிக்கவும் வேண்டும், காண்டாமிருகத்தையும் யானையையும் காட்டில் பார்க்கவும் வேண்டும் என்று முதல்முறை போகிறவர்களுக்குக் கிழக்குக் கரையில் உள்ள குவாசூலு-நட்டால் மாகாணம் ஒன்றே போதும். அகுல்ஹாஸ் என்னும் வெப்ப நீரோட்டம் அந்தக் கரையை ஒட்டி ஓடுவதால் குளிர்காலத்திலும் கடல் 20, 21 டிகிரிக்குக் கீழே இறங்குவது குறைவு. கோடையில் 25க்கு மேல். டர்பன் நகரத்திலிருந்து வாடகைக் கார் எடுத்தால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி காட்டின் வாசலில் நிற்கலாம். அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் மறுபடியும் கடல்.

இந்தப் பயணம் நன்றாக அமைவதும் சொதப்புவதும் இரண்டு முடிவுகளில் இருக்கிறது: எந்த மாதம் போகிறீர்கள், எதை முதலில் வைக்கிறீர்கள்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

அங்கே பருவங்கள் தலைகீழ். மே முதல் செப்டம்பர் வரை குளிரும் வறட்சியும். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வெயில், புழுக்கம், மழை. வறண்ட மாதங்களில் புல் காய்ந்து படுத்துவிடும், புதர்களில் இலை குறையும், தண்ணீர் சில இடங்களில் மட்டுமே மிஞ்சும். அதனால் விலங்குகள் அந்த இடங்களைத் தேடி வரும், கண்ணுக்கும் எளிதில் தெரியும். மழைக்காலத்தில் காடு பச்சைப் பசேலென்று அழகாக இருக்கும், மான் குட்டிகள் துள்ளும், பறவைகள் கூடும். ஆனால் சாலையோரப் புல் ஆளுயரம் வளர்ந்து, பத்தடி தள்ளி நிற்கும் சிங்கத்தையும் மறைத்துவிடும்.

கடலுக்கும் ஒரு காலக்கணக்கு உண்டு. ஜூன் முதல் நவம்பர் வரை கூன்முதுகுத் திமிங்கலங்கள் அண்டார்டிகப் பக்கத்திலிருந்து மொசாம்பிக் நோக்கிப் போய்த் திரும்பும். நவம்பர் முதல் ஜனவரி வரை பெருந்தலை ஆமையும் ஏழுவரி ஆமையும் வடக்குக் கரையில் இரவில் ஏறி முட்டையிடும். குஞ்சுகள் ஜனவரி முதல் மார்ச் வரை வெளிவரும். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை வடகிழக்குக் காற்று பல நாள் பலமாக வீசும், அந்த நாட்களில் கடற்கரையில் உட்கார்ந்தால் மணல் முகத்தில் அறையும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், முதல்முறை போகிறவர்களுக்கு ஜூன், ஜூலைதான் எங்கள் தேர்வு. கடல் ஓரளவு அமைதியாக இருக்கும், மழை அரிது, கொசு குறைவு, காடு வெளிச்சமாக இருக்கும், திமிங்கலமும் உண்டு. ஒரே எச்சரிக்கை: அங்கே பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலையில் சில வாரம் வரை போகும். அந்த வாரங்களைத் தவிருங்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரையும், ஈஸ்டர் வாரமும் அப்படித்தான்: அறை கிடைக்காது, கிடைத்தால் விலை எகிறும், கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது. ஆமைகளுக்காகவே போகிறவர்கள் டிசம்பர் முதல் வாரத்தையோ ஜனவரி பிற்பகுதியையோ பிடியுங்கள்.

எது முதலில்?

காடு முதலில், கடல் பிறகு. தென்னாப்பிரிக்க நேரம் இந்திய, இலங்கை நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. நம் ஊர்களிலிருந்து போய் இறங்கியதும் முதல் சில நாட்கள் அதிகாலை மூன்று, நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும். கடற்கரை விடுதியில் அது வீண் விழிப்பு. காட்டில் அதுதான் வேண்டியது, ஏனென்றால் விலங்கு பார்க்கும் நல்ல நேரமே விடிந்த முதல் மூன்று மணி நேரம். ஐந்தாம், ஆறாம் நாளில் உடல் உள்ளூர் நேரத்துக்குப் பழகிக் களைப்பும் கூடியிருக்கும்போது கடற்கரைக்குப் போனால் நிதானமாகத் தூங்கி எழலாம்.

ஒன்பது இரவுகளுக்கான கணக்கு இது. முதல் இரவு டர்பனுக்கு வடக்கே உள்ள கடற்கரை ஊர்களான உம்லாங்கா அல்லது பாலிட்டோ. மூன்று இரவு ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி, அதில் இரண்டு ம்பிலா முகாமில், ஒன்று ஹில்டாப் முகாமில். மூன்று இரவு கழிமுகத்தை ஒட்டிய சிற்றூரான செயின்ட் லூசியா. கடைசி இரண்டு இரவு மறுபடி டர்பன் பக்கம். ஸ்கூபா டைவிங் செய்கிறவர்கள் செயின்ட் லூசியாவை இரண்டு இரவாகக் குறைத்து, இரண்டு இரவு பவளத்திட்டுகள் உள்ள சோட்வானா பே, கடைசி ஒரு இரவு பாலிட்டோ என்று மாற்றிக்கொள்ளலாம். இதற்கு மேல் ஒரு இடத்தையும் நுழைக்காதீர்கள். மொசாம்பிக் எல்லை அருகில்தானே, ஒரு நாள் எட்டிப் பார்ப்போமே என்று தோன்றும். வாடகைக் காரை எல்லை தாண்ட நிறுவனத்தின் எழுத்து அனுமதி வேண்டும், தனிக் கட்டணம் உண்டு, விசா விதிகள் வேறு, எல்லைக்கு அப்பாலுள்ள தென்கரையின் கிளைப் பாதைகளும் மணல். அது தனிப் பயணமாகச் செய்ய வேண்டியது.

விசா, விமானம், தடுப்பூசி

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் புறப்படும் முன்பே அனுமதி பெற வேண்டும். கனடா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை. யாராக இருந்தாலும் கடவுச்சீட்டில் இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும், நாட்டைவிட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது 30 நாள் செல்லுபடியாக வேண்டும். வெற்றுப் பக்க விதியைக் கடுமையாகப் பார்க்கிறார்கள், விமானம் ஏறும் இடத்திலேயே திருப்பி அனுப்புவதுண்டு. பிள்ளைகளுடன் போனால் இரு பெற்றோர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழை எடுத்துச் செல்லுங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் உடன் போவதானால் மற்றவரின் ஒப்புதல் கடிதத்தையும் சான்றுறுதியோடு வைத்திருங்கள். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறைகளையும் பயணச்சீட்டையும் மட்டும் பதிவு செய்யுங்கள்.

துபாயிலிருந்து எமிரேட்ஸ் விமானம் நேராக டர்பனின் கிங் ஷாக்கா நிலையத்துக்கே போகிறது. சென்னை, கொழும்புப் பயணிகளுக்கு அதுதான் சிரமமில்லாத வழி. ஜோகன்னஸ்பர்க் வழியாகப் போனால் குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பது, சுங்கம், மறுபடி பெட்டி போடுவது எல்லாம் அங்கேயே முடிக்க வேண்டும். அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

மலிவான சீட்டு பல நேரம் அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாக இருக்கும். எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடுகள். அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் இடைத்தங்கினால் தென்னாப்பிரிக்கா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். திரும்பி வரும்போது இந்தியாவும் கேட்கலாம். சான்றிதழ் இல்லாதவர்களைத் தனிமைப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. அந்த வழியில் போவதானால் தடுப்பூசியைப் போட்டுக்கொள்வதே பாதுகாப்பு. போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் போடுகிறார்கள். குறிப்பிட்ட நாட்களில், குறைந்த எண்ணிக்கையில்தான் போடுவார்கள் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

மலேரியாவைப் பொறுத்தவரை டர்பனில் கவலை இல்லை. செயின்ட் லூசியாவிலும் ஹ்லுஹ்லுவேயிலும் ஆபத்து மிகக் குறைவு, கொசு விரட்டியும் மாலையில் முழுக்கைச் சட்டையும் போதும் என்பதே வழக்கமான ஆலோசனை. மொசாம்பிக் எல்லையை ஒட்டிய கோசி பே, டெம்பே, ந்டுமோ பக்கம் செப்டம்பர் முதல் மே வரை போவதானால் மருத்துவரிடம் மாத்திரை பற்றிப் பேசுங்கள். குளோரோகுயின் அங்கே வேலை செய்யாது, ஒட்டுண்ணி அதை எதிர்த்து நிற்கப் பழகிவிட்டது. டாக்சிசைக்ளின் மலிவு, ஆனால் வெயில் பட்டால் தோல் கன்றிப்போகச் செய்யும், ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். கடற்கரை விடுமுறைக்கு அட்டோவாக்குவோன்-புரோகுவானில் ஒத்துவரும், திரும்பிய பின் ஏழு நாள் போதும். ஊர் வந்து சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் எங்கே போயிருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். புல்லில் நடந்தவர்களுக்கு உண்ணிக் காய்ச்சலும் வரும். கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு இருந்தால் அதைக் காட்டுங்கள்.

கார்

இந்தப் பயணத்துக்குச் சொந்தமாக ஓட்டுவதே சிறந்தது. அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள், ஸ்டீயரிங் வலப்பக்கம், அதனால் நமக்குத் தடுமாற்றம் இல்லை. ஆங்கிலத்தில் அச்சிட்ட, புகைப்படம் உள்ள ஓட்டுநர் உரிமம் செல்லும். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி அட்டையும் கையில் இருந்தால் வாடகை நிறுவனம், காப்பீடு இரண்டிலும் வாக்குவாதம் இருக்காது. ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். டெபிட் கார்டோடு போய் நின்று கார் கிடைக்காமல் தவிப்பவர்கள் பலர். முன்பணமாக ஒரு தொகையைக் கார்டில் பிடித்து வைப்பார்கள், அதற்கு வரம்பு விட்டு வையுங்கள்.

சிறிய காரே போதும். பூங்காவின் முக்கியச் சாலைகள் தார், மற்றவை பரல் மண், எல்லாவற்றிலும் ஓடும். ஆனால் சற்று உயரமான வண்டி எடுத்தால் புல்லுக்கு மேலே பார்வை போகும், அந்தக் கூடுதல் செலவு வீண் இல்லை. காப்பீட்டில் டயரும் முன் கண்ணாடியும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரண காப்பீடு பலவற்றில் அவை இரண்டும் இருக்காது, பரல் சாலையில் அடிபடுவதும் அவையே. மாற்றுச் சக்கரம், ஜாக்கி, சக்கர ஸ்பேனர் இருப்பதைக் கண்ணால் பார்த்து, காரைச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

டர்பனிலிருந்து வடக்கே போகும் என்2 நெடுஞ்சாலையில் தோங்காட், ம்வோட்டி, ம்துன்சினி என்று சுங்கச்சாவடிகள் வரும். வெளிநாட்டு கார்டு சில நேரம் ஏற்காது, அந்நாட்டு நாணயமான ராண்டில் சில்லறை வைத்திருங்கள். பெட்ரோல் பங்கில் ஊழியரே நிரப்பிக் கண்ணாடியும் துடைப்பார், 5 அல்லது 10 ராண்ட் கொடுப்பது வழக்கம். வாகன நிறுத்தங்களில் பச்சை மேலங்கி போட்டு வண்டியைப் பார்த்துக்கொள்பவருக்கும் அப்படியே. வழியில் யாராவது "ரோபாட் பக்கத்தில் திரும்புங்கள்" என்றால் போக்குவரத்து விளக்கைச் சொல்கிறார்கள்.

இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். ம்துன்சினிக்கு வடக்கே சாலையில் மாடும் ஆடும் படுத்திருக்கும், கறுப்பு உடையில் மக்கள் ஓரமாக நடந்து போவார்கள், கரும்பு லாரிகள் பின்விளக்கு இல்லாமல் ஊர்ந்து போகும். ஜூனில் மாலை ஐந்தே காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். மூன்று மணிக்குள் போய்ச் சேரும்படி கிளம்புங்கள்.

நகரங்களில் காரை நிறுத்திவிட்டுப் போகும்போது ரிமோட்டை அழுத்தியதோடு நிற்காமல் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். ரிமோட் அலையைத் தடுத்துத் திருடுவது அங்கே வழக்கமான உத்தி. பை, கைப்பேசி எதுவும் இருக்கையில் தெரியக்கூடாது. கைப்பேசியிலிருந்து அவசர எண் 112, காவல்துறை 10111, ஆம்புலன்ஸ் 10177.

டர்பனில் முதல் நாள் வாங்க வேண்டியவை

பூங்கா முகாம்களில் சமையலறையோடு கூடிய குடில்கள் உண்டு. கடையில் கிடைப்பது குறைவு: உறைந்த இறைச்சி, ரொட்டி, பிஸ்கட், விறகு. சைவ உணவுக்காரர்கள் டர்பனிலேயே வாங்கிக்கொண்டு போக வேண்டும். இந்த ஊரில் அதற்குக் குறைவே இல்லை. சென்னைத் துறைமுகத்திலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் வந்து நின்றது. அவர்களில் தமிழர்கள் நிறைய. கரும்புத் தோட்டங்களில் உழைத்த அந்தத் தலைமுறைகளின் வழிவந்தவர்கள் இன்றும் இங்கே வாழ்கிறார்கள். பருப்பு, அரிசி, மஞ்சள், மிளகாய்த்தூள், கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும். விக்டோரியா ஸ்ட்ரீட் சந்தையில் மசாலாக் கடைகள் வரிசையாக உள்ளன. பகலில் போய்வாருங்கள், நகையும் கேமராவும் வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு பனி சௌ: பாதி ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பை ஊற்றித் தருவது. சைவர்கள் பீன்ஸ் பனி கேட்டு வாங்கலாம், காரம் நம் நாக்குக்குப் பொருந்தும். ஊரிலிருந்து விதை, பழம், பால் பொருள், இறைச்சி கொண்டுபோனால் சுங்கத்தில் பறித்துவிடுவார்கள்.

மூன்று இரவுக்கு நால்வருக்கு அரிசி இரண்டு கிலோ, பருப்பு அரை கிலோ, முட்டை ஒரு டஜன், ஐந்து லிட்டர் குடிநீர்க் கேன் நான்கு, பனிக்கட்டியோடு ஒரு குளிர்ப்பெட்டி என்று கணக்கு வையுங்கள்.

மின்சாரம் 230 வோல்ட், நம்முடையதுதான். ஆனால் சுவரில் இருப்பது மூன்று பெரிய உருண்டைத் துளை. நம் வீடுகளில் ஏசிக்கும் கீசருக்கும் போடும் 16 ஆம்பியர் பெரிய பிளக் அதில் பொருந்தும், கைப்பேசி சார்ஜரின் சிறிய பிளக் பொருந்தாது. பெரிய பிளக் உள்ள எக்ஸ்டென்ஷன் பலகை ஒன்றை ஊரிலிருந்தே எடுத்துப் போனால் எல்லாருடைய சார்ஜரும் அதில் ஏறிவிடும். சிம் கார்டு விமான நிலையத்திலேயே வாங்குங்கள், கடவுச்சீட்டும் தங்கும் முகவரியும் பதிய வேண்டும். காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள்.

ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி

1895ல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது, ஆப்பிரிக்காவின் மிகப் பழைய காப்பகங்களில் ஒன்று, பரப்பு 960 சதுர கி.மீ. தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் இன்று உலகில் இருக்கிறதென்றால் அதற்கு இந்தக் காடுதான் காரணம். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இங்கே மட்டுமே ஒரு சிறு கூட்டம் எஞ்சியிருந்தது. 1960களில் இயன் பிளேயர் முன்னின்று நடத்திய ஆப்பரேஷன் ரைனோ மூலம் இங்கிருந்து பிடித்து மற்ற காப்பகங்களுக்கு அனுப்பி இனத்தைப் பெருக்கினார்கள். இப்போதைய வேட்டைத் திருட்டைத் தடுக்க 2024ல் பெரிய அளவில் கொம்புகளை அறுத்து எடுத்தார்கள், அதனால் கொம்பில்லாத காண்டாமிருகங்களைப் பார்ப்பீர்கள். அறுப்பது நகம் வெட்டுவது மாதிரிதான், வலி கிடையாது. ஆனால் ஒரு வேண்டுகோள்: காண்டாமிருகப் படத்தை இடக்குறிப்போடு சமூக ஊடகத்தில் போடாதீர்கள். திருடர்கள் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள்.

அறைகளை எசெம்வெலோ கேஇசட்என் வைல்ட்லைஃப் அமைப்பின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், ஆறு மாதம் முன்பே. ஜிபிஎஸ்ஸில் பூங்கா பெயரைப் போடாதீர்கள், வாசலின் பெயரைப் போடுங்கள். ம்பிலாவுக்கு நியலாசி கேட், ஹில்டாப்புக்கு மெமோரியல் கேட். பெயர் மாறினால் தவறான பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும், உள்ளே ஒரு முகாமிலிருந்து மற்றொன்றுக்குப் போகவே இரண்டு மணி நேரம் ஆகும். வாசல் நேரம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலை 5 முதல் மாலை 7, மற்ற மாதங்களில் 6 முதல் 6. உள்ளே வேக வரம்பு 40 கி.மீ. விலங்கு பார்க்க 20, 25 போதும். அந்த வேகத்தில் மூன்று மணி நேரத்தில் 60 கி.மீ.க்கு மேல் திட்டமிடாதீர்கள்.

ம்பிலாவுக்கு வேலி இல்லை. கழுதைப்புலிகள் இரவில் குடில்களுக்கு நடுவே வரும். குளிர்ப்பெட்டி, செருப்பு, குப்பை எதையும் வெளியே வைக்காதீர்கள், காரிலிருந்து குடிலுக்குப் போகும் சில அடிக்கும் டார்ச் அடித்துப் பார்த்து நடங்கள். பகலில் குரங்குகள். சன்னல் திறந்திருந்தால் உங்கள் வாழைப்பழம் உங்களுடையதல்ல.

நாள் திட்டம் எளிது. வாசல் திறக்கும் நேரத்திலேயே கிளம்பி ஒன்பது, ஒன்பதரை வரை ஒரு சுற்று. பிறகு குளித்து, சாப்பிட்டு, தூங்குங்கள், விலங்குகளும் நிழலில் அதையேதான் செய்கின்றன. மூன்று மணிக்கு மறுபடி. இம்ஃபோலோசி பக்கம் கறுப்பு இம்ஃபோலோசி ஆற்றை ஒட்டிய சோன்டுலி வளையச் சாலை சிங்கத்துக்குப் பெயர் பெற்றது. நீர்க்குட்டைக்கு வரும் விலங்குகளை மறைந்திருந்து பார்க்கும் பெஜானே மறைவிடத்தில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்தால், மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்ப்பதைவிட அதிகம் பார்க்கலாம். வறட்சி மாதங்களில் நீர்க்குட்டைக்கு எல்லாம் வந்துதானே ஆக வேண்டும். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு ஓடிக்கொண்டே இருப்பது.

விலங்கைத் தேடாதீர்கள், அறிகுறியைத் தேடுங்கள். இம்பாலா மான்கள் மேயாமல் எல்லாம் ஒரே திசையில் தலை தூக்கி நின்று மூக்கால் சீறினால் அந்தத் திசையில் சிறுத்தையோ சிங்கமோ இருக்கிறது. மரத்தில் கழுகுகள் இறங்காமல் உட்கார்ந்திருந்தால் கீழே இரையோடு வேறு யாரோ இருக்கிறார்கள்.

காரைவிட்டு இறங்குவது குறிப்பிட்ட ஓய்விடங்களிலும் மறைவிடங்களிலும் மட்டும். யானைக்கு 50 மீட்டராவது விடுங்கள். ஒற்றைக் களிறு, கன்னத்தில் மதநீர் வடிந்து, பின்னங்கால் ஈரமாக வருகிறது என்றால் அது மதத்தில் இருக்கிறது. எஞ்சினை அணைக்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், மெதுவாகப் பின்னால் நகர்ந்து வழி விடுங்கள். சாலை வளைவில் நிறுத்தும்போதே, பின்னால் போக இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். யானைக்கும் உங்களுக்கும் இடையில் மற்றொரு கார் மாட்டிக்கொள்வதுதான் விபத்தில் முடிகிறது.

ஒரு மாலை முகாம் நடத்தும் இரவுச் சவாரியைப் பதிவு செய்யுங்கள். திறந்த வண்டி, ஜூனில் பற்கள் கிட்டிக்கும் குளிர். கம்பளித் தொப்பி, தடித்த ஜெர்கின் இல்லாமல் போனால் விலங்கு மனதில் நிற்காது, குளிர்தான் நிற்கும். இருநோக்கி ஆளுக்கு ஒன்று, 8x42 அளவு. ஒன்றையே பங்கிட்டால் கை மாறுவதற்குள் சிறுத்தை போய்விடும்.

செயின்ட் லூசியா

1999ல் உலகப் பாரம்பரியச் சின்னமான இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவின் நடுவே உள்ள சிற்றூர். ஏரியிலும் கழிமுகத்திலும் நீர்யானைகளும் நைல் முதலைகளும் நூற்றுக்கணக்கில். இரண்டு மணி நேரப் படகுச் சவாரிக்கு மாலைப் படகைத் தேர்ந்தெடுங்கள், வெயில் சாய்ந்து படத்துக்கு நன்றாக இருக்கும். குளிர்காலத்தில் நீர்யானைகள் பகலிலேயே கரையேறி வெயில் காயும், கோடையில் காதும் மூக்கும்தான் தெரியும்.

இரவில் அவை ஊர்த் தெருக்களில் புல் மேய வரும். சாப்பாட்டுக் கடைக்கு இரண்டு தெரு என்றாலும் காரில் போங்கள். நீர்யானை மனிதனைவிட வேகமாக ஓடும், தண்ணீருக்கும் அதற்கும் நடுவில் நிற்பவரைத் தாக்கும். கழிமுகத்தில் முழங்கால் அளவுகூட இறங்கக்கூடாது: முதலை, நீர்யானை, கலங்கிய நீரில் சுறா, மூன்றும் அங்கே உண்டு.

குளிக்க கேப் விடால் போங்கள். கிழக்குக் கரைப் பகுதி வழியாக முப்பது கி.மீ. சொச்சம். வழியே ஒரு காட்டுச் சவாரிதான், காண்டாமிருகம், காட்டெருமை, வரிக்குதிரை தென்படும். ஒரு நாளைக்கு இத்தனை கார் என்று வரம்பு இருக்கிறது, விடுமுறை நாட்களில் வாசல் திறக்கும்போதே நில்லுங்கள். அங்கே பாறைத்திட்டு அலையைத் தடுப்பதால், கடல் வற்றியிருக்கும் நேரத்தில் உள்ளே அமைதியான குளம் போலத் தேங்கும், ஸ்நார்க்கெல் போட்டு மீன் பார்க்கலாம். நேரம் கணிக்க ஒரு வழி: இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக வற்றுவது காலை பத்து மணிவாக்கில். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அறை பதிவு செய்யும்போதே நாட்காட்டியைப் பார்த்து, செயின்ட் லூசியா நாட்கள் அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி விழும்படி வைத்தால் பயணம் வேறு தரத்துக்குப் போகும். நீர் மறுபடி ஏறத் தொடங்கியதும் பாறையைவிட்டு வந்துவிடுங்கள்.

திமிங்கலப் படகுகள் அலையை உடைத்துக்கொண்டு கடலுக்குள் பாய்பவை. கர்ப்பிணிகளும் முதுகுவலிக்காரர்களும் ஏற வேண்டாம். குமட்டல் மாத்திரையைக் கிளம்பும் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், தலை சுற்ற ஆரம்பித்த பிறகு பயன் இல்லை. மூன்று நாளில் முதல் நாளே பதிவு செய்தால், காற்றடித்து ரத்தானாலும் மாற்று நாள் இருக்கும். ஆமை பார்க்க உரிமம் பெற்ற வழிகாட்டியோடு மட்டுமே இரவில் போகலாம். வெள்ளை விளக்கும் ஃபிளாஷும் கூடாது, வெளிச்சம் கண்டால் தாய் முட்டையிடாமல் திரும்பிவிடும்.

சோட்வானாவில் ஆப்பிரிக்காவின் தென்கோடிப் பவளத்திட்டுகள் உள்ளன: டூ மைல், ஃபைவ் மைல், செவன் மைல், நைன் மைல். புதியவர்களுக்கு டூ மைல். 2000ல் இங்குள்ள ஜெஸ்ஸர் பள்ளத்தாக்கில், நூறு மீட்டருக்கும் ஆழத்தில், சீலக்காந்த் என்னும் தொல்பழங்கால மீனை முக்குளிப்பவர்கள் உயிரோடு கண்டார்கள். ஊர்வரை தார்ச்சாலைதான், ஆனால் சில விடுதிகளின் கிளைப் பாதை மணல். சாதாரணக் கார் வருமா என்று பதிவின்போதே கேளுங்கள். மணலில் சிக்கினால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், சக்கரம் இன்னும் புதையும். டயர் காற்றை 1.2 பார் வரை குறைத்து மெதுவாக வெளியே எடுங்கள், தார்ச்சாலை வந்ததும் மறுபடி நிரப்புங்கள்.

டர்பன் கரையும் கிளம்பும் நாளும்

டர்பன், உம்லாங்கா, பாலிட்டோ கரைகளில் குவாசூலு-நட்டால் சுறா வாரியம் சுறாவைத் தடுக்க வலையும் தூண்டில் மிதவையும் போட்டிருக்கிறது. மத்திக் கூட்டம் வரும் ஜூன், ஜூலையில் சில நாட்கள் வலையை எடுத்துவிடுவார்கள், அப்போது குளிக்கத் தடை இருக்கும். உயிர்காப்பாளர் நட்ட கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். இழுவை நீரோட்டம் இழுத்தால் கரையை நோக்கி நீந்தாதீர்கள், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து விலகுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர்க் கட்டமைப்பு உடைந்தபின் டர்பன் நகரக் கரைகள் அவ்வப்போது மூடப்பட்டன. கனமழை பெய்த மறுநாட்களில் நகரக் கரையில் இறங்காமல் பாலிட்டோ போங்கள்.

ஸ்கூபா செய்தவர்கள் கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் நடுவே 24 மணி நேரம் விட வேண்டும். கரைந்த நைட்ரஜன் வெளியேறாமல் விமானத்தில் ஏறினால் மூட்டுகளில் குமிழாகும். நீங்கள் வாங்கிய பொருட்களின் மொத்தம் 250 ராண்டுக்கு மேல் இருந்தால் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பக் கேட்கலாம். பெட்டியைப் போடுவதற்கு முன்பே பொருளையும் ரசீதையும் காட்டி முத்திரை வாங்க வேண்டும், பெட்டி உள்ளே போய்விட்டால் முடியாது. காரை நிரம்பிய டேங்க்கோடு திருப்பி, மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருங்கள். கரையில் பொறுக்கிய சங்கு, பவளத்துண்டு, காட்டில் கிடைத்த முள்ளம்பன்றி முள் ஆகியவற்றைப் பெட்டியில் வைக்காதீர்கள், பூங்காவிலிருந்து எதை எடுப்பதும் அங்கே குற்றம்.